கணினித் தேர்வு: நாம் கேட்கும்போது பக்கத்து இருக்கையில் பேசுகிறார்களே, எப்படிச் சமாளிப்பது?

(பின்னர் சேர்த்தது: இங்கே வரும் டோஃபல் விவரங்கள், பகுதிகளின் வரிசை, நேரம், கேள்வி வகை எல்லாம், 2026 ஜனவரி வரை இருந்த தேர்வுக்கு உரியவை. அதன் பிறகு தேர்வு மாறிவிட்டது.)

12 மே 2024, காலை: கேள்வி

அடுத்த மாதம் டோஃபல் (வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு) எழுதுகிறேன். வீட்டில் மாதிரித் தேர்வெல்லாம் நன்றாகப் போகிறது. ஆனால் எழுதிவிட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: நாம் லிசனிங்கில் (ஹெட்ஃபோனில் கேட்டுப் பதில் தரும் பகுதி) இருக்கும்போது சுற்றி இருப்பவர்கள் ஸ்பீக்கிங்கில் (மைக்கில் பதில் சொல்லும் பகுதி) பேசிக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் மண்டையில் ஏறாது என்று. எனக்குச் சின்னச் சத்தம் கேட்டாலே கவனம் போய்விடும். இயர்பிளக் (காதடைப்பான்) வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா? வேறு வழி இருக்கிறதா?

12 மே, இரவு: பதில்

இயர்பிளக் பற்றி அப்புறம் வருகிறேன். முதலில் சத்தத்தைப் பிரித்துப் பாருங்கள். ஏ.சி. ஓடுவது, மின்விசிறி, வெளியே ஓயாமல் கேட்கும் போக்குவரத்து, இதெல்லாம் சிறிது நேரத்தில் காதுக்குப் பழகிவிடும். பழகாதது பேச்சுதான். குரல் ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். மாறிக்கொண்டே இருக்கும் ஒலியை மூளையால் ஓரமாகத் தள்ளிவைக்க முடிவதில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கண்ணால் பார்க்கும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொல்லி, பின்னணியில் ஜெர்மன் மொழிப் பேச்சை ஓடவிட்டார்கள். அந்தப் பேச்சுக்கும் அவர்கள் செய்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் நினைவு குறைந்தது. பிறகு வந்த சோதனைகளில், சத்தத்தை ஓரளவு கூட்டினாலும் குறைத்தாலும் பாதிப்பு ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. அதனால் பக்கத்து ஆள் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருந்தால் பிழைத்திருப்பேன் என்று நினைப்பதில் பெரிய பலன் இல்லை.

இதில் நமக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது. பேச்சுச் சத்தம் எல்லாவற்றையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. மனத்துக்குள் சொல்லிச் சொல்லி வரிசையாகப் பிடித்து வைத்திருக்கிறோமே, அதைத்தான் முதலில் கலைக்கிறது. ஒரு எண், விரிவுரையில் சொன்ன மூன்று காரணங்கள், பாதி போட்ட கணக்கு, இந்த மாதிரி. அவற்றைத் தாளில் இறக்கிவிட்டால் கலைவதற்கு மிச்சம் குறைவு. ஜி.ஆர்.இ. (வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் தேர்வு) எழுதும்போது எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தார், கீபோர்டே உடைந்துவிடும் போல, நடுநடுவே தனக்குத்தானே முணுமுணுப்பு வேறு. வீட்டில் மனக்கணக்காகப் போடுவதை எல்லாம் அன்றைக்கு வரி வரியாகத் தாளில் எழுதினேன். நேரம் கொஞ்சம் போனது, ஆனால் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும் நிலை வரவில்லை.

13 மே, காலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: சீக்கிரம் போய் முதலில் உட்காருவது நல்லதா, கடைசியில் போவது நல்லதா?

டோஃபல் என்றால் இதைக் கணக்காகவே போடலாம். 2023 ஜூலையிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. ரீடிங் 35 நிமிடம், லிசனிங் ஏறக்குறைய 36, ஸ்பீக்கிங் 16, ரைட்டிங் 29, இந்த வரிசையில்தான் வரும், நடுவில் இடைவேளை இல்லை. அதாவது ஒருவர் தொடங்கி 71 நிமிடம் ஆனதும் வாயைத் திறப்பார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை, சரிபார்த்து உள்ளே விட விட ஒவ்வொருவராகத் தொடங்குவார்கள். உங்களுக்கு 20 நிமிடம் முன்பே ஒருவர் தொடங்கிவிட்டார் என்று வையுங்கள். அவர் பேசத் தொடங்குவது உங்களுடைய 51-வது நிமிடத்தில். அப்போது நீங்கள் லிசனிங்கின் நடுவில் இருப்பீர்கள், அதை ஒரே முறைதான் ஓட்டுவார்கள், திரும்பக் கேட்க வழி கிடையாது. 30 நிமிடம் முன்பு தொடங்கியவரும் உங்கள் லிசனிங்கில்தான் விழுவார். மாறாக, நீங்கள் 20 நிமிடம் முந்திக்கொண்டால் அவர் பேசுவது உங்கள் 91-வது நிமிடத்தில், நீங்கள் ரைட்டிங்கில் இருப்பீர்கள். எழுதும்போது கவனம் சிதறினாலும் போன வாக்கியத்தைப் படித்துவிட்டுத் தொடரலாம். ஆகவே என் பதில் தெளிவு: முதலில் போங்கள். பெரும்பாலும் வந்த வரிசையில்தான் சரிபார்த்து உள்ளே அனுப்புகிறார்கள், மையம் வேறு வரிசை வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

13 மே, மாலை

மேலே சொன்னதை இன்னும் யோசித்துப் பார்த்ததில் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

முதலில் போகிறவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. மைக் சரிபார்க்க நீங்கள் வசிக்கும் ஊரைப் பற்றிப் பேசுங்கள் என்று திரையில் வரும். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து அதையே பேசுவார்கள். நீங்கள் ரீடிங்கின் முதல் பத்தியில் இருப்பீர்கள், ஒருவர் தன் ஊரின் ஆற்றைப் பற்றிச் சொல்வார், அவர் முடித்ததும் அடுத்தவர் தன் ஊரின் பாலத்தைப் பற்றிச் சொல்வார். இது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி எரிச்சல் இல்லை. ரீடிங்கில் நேரத்தை நாமே பிரித்துக்கொள்ளலாம் என்பதால் இந்த இழப்பைத் தாங்கலாம்.

இன்னொன்று, ரைட்டிங்கின் முதல் கேள்வியில் ஒரு சின்ன விரிவுரை உண்டு. மூன்று நிமிடம் ஒரு பத்தியைப் படிக்க வேண்டும், அது மறைந்து விரிவுரை ஓடும், பிறகு எழுதும்போது பத்தி மட்டும் திரும்பத் திரையில் வரும். அதனால் அந்த இரண்டு நிமிட விரிவுரையில் பத்தியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், காதில் விழுவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பேச்சு நடந்தாலும் அங்கே இறுக்கிப் பிடிக்க வேண்டியது அவ்வளவுதான்.

14 மே

"நன்றாகத் தயார் செய்தவனுக்குச் சத்தம் கேட்காது, இதெல்லாம் சாக்கு" என்று எழுதியவருக்கு.

இல்லை. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுத்தான் நிறையப் பேர் தங்களையே குறை சொல்லிக்கொண்டு தேர்வறையிலிருந்து வெளியே வருகிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பவர்களில் நன்றாகப் படிக்கிறவர்கள்கூட, கேட்டதெல்லாம் புரிந்தது, அடுத்த நொடி காணாமல் போனது என்று சொல்வார்கள். தயாரிப்பு இருந்தால் கேள்வி எளிதாகத் தெரியும், அது வேறு. காதுக்கு இமை கிடையாது, வருவது வந்துதான் தீரும். அதிலும் பக்கத்தில் இருப்பவர் நமக்கு வந்த அதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் காது தானாக அங்கே திரும்பும். 1959-ல் மோரே என்பவர் செய்த சோதனையில், ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொல்லியிருந்தும், மற்றக் காதில் சொன்ன தங்கள் பெயரை மூன்றில் ஒரு பங்கினர் கண்டுகொண்டார்கள். நமக்குச் சம்பந்தப்பட்ட சொல் உள்ளே நுழையும், அதற்கு நாம் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

14 மே, இரவு: இயர்பிளக்

முதலில் விதி. சொந்த இயர்பிளக் கொண்டுபோகலாமா என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். பல மையங்களில் கேட்டால் நுரை இயர்பிளக்கோ காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனோ அவர்களே தருவார்கள், கேட்காதவர்களுக்குத் தானாகக் கிடைக்காது. உங்கள் தேர்வின் விதிகளில் இதற்கென்று வரி இருக்கிறதா என்று படித்துவிட்டுப் போங்கள். சத்தத்தை நீக்கும் எலக்ட்ரானிக் ஹெட்ஃபோனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். அது விமானச் சத்தம் மாதிரி ஒரே சீராக ஓடும் தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக அடக்கும், பேச்சை அந்த அளவுக்கு அடக்காது.

நுரை இயர்பிளக்கைப் பலர் காது வாயிலில் செருகிவிட்டு ஒன்றும் குறையவில்லை என்கிறார்கள். போடும் முறை இது. விரல் நுனிகளுக்கு நடுவில் வைத்து, மடிப்பு விழாமல் மெல்லிய திரி போல உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் உள்வழி நேராகும். அப்போது உள்ளே செருகி, விரலை எடுக்காமல் அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். நுரை மெல்ல விரிந்து வழியை அடைப்பது காதுக்குள்ளேயே தெரியும், அறையின் சத்தம் பின்னால் நகர்ந்து போகும். நேராகப் பார்க்கிற ஒருவருக்கு உங்கள் காதில் அது துருத்திக்கொண்டு தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை என்று பொருள்.

பெட்டியில் 30 டெசிபல் குறையும் என்று போட்டிருந்தாலும் அவ்வளவு கிடைக்காது. பணியிடப் பாதுகாப்பு ஆய்வு செய்யும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பே நுரை வகைக்கு அந்த எண்ணில் 50 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் போடுவதில் பலன் உண்டு. நுரை உயர் அதிர்வெண்களை அதிகமாக வெட்டும், மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் பக்கத்தில் பேசுவது சொல்லாகக் கேட்காமல் வெறும் முனகலாகக் கேட்கும்.

15 மே

"இயர்பிளக் போட்டால் என் மூச்சே எனக்குக் கேட்கிறது, பயமாக இருக்கிறது" என்று ஒருவர். ஆமாம், காதை அடைத்தால் எலும்பு வழியாக வரும் நம் சொந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கும். சிலருக்குச் சில நாளில் பழகும், சிலருக்குப் பழகவே பழகாது. அதனால்தான் தேர்வு நாளில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்காதீர்கள் என்கிறேன்.

ஸ்பீக்கிங் வரும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். காது அடைத்திருந்தால் நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்கும், நம்மை அறியாமல் குரலைத் தணித்துவிடுவோம், மைக்கில் முணுமுணுப்புதான் பதிவாகும்.

15 மே, இரவு

ஸ்பீக்கிங் பற்றி நிறையப் பேருக்கு இருக்கும் பயம்: என் பதிவில் பக்கத்தில் இருப்பவரின் குரல் விழுந்து எனக்கு மதிப்பெண் போய்விடுமோ?

தூரத்தைக் கணக்கிடுங்கள். உங்கள் வாய்க்கும் மைக்குக்கும் 3 சென்டிமீட்டர். பக்கத்து இருக்கைக்காரரின் வாய்க்கும் உங்கள் மைக்குக்கும் 150 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 50 மடங்கு தூரம். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், இருவரும் ஒரே அளவில் பேசினாலும் அவர் குரல் 34 டெசிபல் குறைவாகவே உங்கள் மைக்கில் விழும். அறைச் சுவர்களில் எதிரொலித்துக் கொஞ்சம் கூடலாம், அப்படியும் உங்கள் குரல்தான் முன்னால் நிற்கும். மைக் சரியான இடத்தில் இருப்பது முக்கியம், மோவாய்க்குக் கீழே தொங்கவிட்டுவிட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

இன்னொரு விஷயம், சுற்றிலும் சத்தம் கூடினால் நாமும் அறியாமல் கத்தத் தொடங்குவோம். 1911-ல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரிலேயே லொம்பார் விளைவு என்கிறார்கள். ஒருவர் குரலை உயர்த்த, அடுத்தவர் உயர்த்த, அறை முழுக்க ஏறிக்கொண்டே போகும். கத்தும்போது மூச்சு சீக்கிரம் தீரும், வாக்கியம் பாதியில் நிற்கும். 45 நொடிப் பதிலில் அது பெரிய நஷ்டம். மைக் சரிபார்க்கும்போது எந்த அளவில் பேசினீர்களோ அதே அளவில் பேசுங்கள்.

அப்புறம், பேசுவதற்கு முன் தரும் 15 நொடியில் முழு வாக்கியம் தயார் செய்யாதீர்கள். முன்பே எழுதியதுதான், மனத்தில் வரிசையாக வைத்ததைத்தான் பேச்சு கலைக்கும். இரண்டு சொல்லைத் தாளில் எழுதி அதைப் பார்த்தபடி பேசுங்கள்.

17 மே

பி.டி.இ. (டோஃபல் மாதிரியே கணினியில் எழுதும் இன்னொரு ஆங்கிலத் தேர்வு) எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலிதானா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் கூடுதல். அங்கே பேசும் பகுதி தொடக்கத்திலேயே வருகிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்கினால் அறை முழுக்க ஒரே சமயத்தில் பேச்சு. பேச்சு மூன்று நொடி நின்றால் மைக் மூடிக்கொள்ளும், அந்தக் கேள்விக்கு மேற்கொண்டு பேச முடியாது. பக்கத்துக் குரலைக் கேட்டுத் திகைத்து நின்றால் அதோடு போனது. அதனால் தடுமாறினாலும் தப்பாகவே வந்தாலும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கப் பழகுங்கள், திருத்துகிறேன் என்று நிறுத்தாதீர்கள். மற்றபடி, தொடக்கத்தில் அந்தச் சந்தடியைத் தாண்டிவிட்டால் பின்பாதி அமைதியாகப் போக வாய்ப்பு உண்டு.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வைக் கணினியில் எழுதினாலும், அதில் பேச்சுத் தேர்வு தேர்வாளர் ஒருவருடன் தனியாக நடக்கும். கவனம் சட்டென்று சிதறுகிறவர்கள், தாங்கள் விண்ணப்பிக்கும் இடம் இரண்டையும் ஏற்கிறதென்றால் இதை யோசித்துப் பார்க்கலாம்.

19 மே

வீட்டிலிருந்தே எழுதினால் என்ன? 2020-லிருந்து டோஃபலுக்கு அந்த வசதி இருக்கிறது. பக்கத்தில் யாரும் பேசமாட்டார்கள், சரி. ஆனால் அங்கே ஹெட்ஃபோன் போடக் கூடாது, ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும். தெருவில் ஒரு நாய் குரைத்தாலும் உங்கள் விரிவுரையின் மேல்தான் விழும், காதை மூடவும் வழி இல்லை. வீடு உண்மையிலேயே அமைதியாக இருந்தால் மட்டும்.

22 மே: பழகுவது எப்படி

இதைத்தான் முதலில் எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் என்னிடம் படிக்கிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உதவியது.

1998-ல் வந்த ஒரு ஆய்வில் மாணவர்களை ஒரு கட்டுரையைப் படிக்க வைத்தார்கள், சிலரை அமைதியில், சிலரைச் சிற்றுண்டிச்சாலையின் பின்னணிச் சத்தத்தில். பிறகு தேர்வும் அப்படியே இரு விதமாக வைத்தார்கள். படித்த சூழலும் எழுதிய சூழலும் ஒன்றாக இருந்தவர்களே நன்றாக எழுதினார்கள். இதைப் படித்துவிட்டு நாளெல்லாம் சத்தத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிடாதீர்கள். புதிதாக ஒன்றைக் கற்கும்போது அமைதிதான் வேண்டும். மாதிரித் தேர்வை மட்டும் சத்தத்தில் எழுதுங்கள்.

அதற்கு எந்தச் சத்தம்? பாட்டு வேண்டாம், மழைச் சத்தம் வேண்டவே வேண்டாம். தேர்வறையில் என்ன கேட்குமோ அதுதான் வேண்டும். நண்பர்கள் இரண்டு மூன்று பேரை ஸ்பீக்கிங் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள், இடையிடையே நிறுத்தி, திக்கி, மறுபடி தொடங்கி, இயல்பாகப் பேசட்டும். நீங்கள் ஹெட்ஃபோனில் லிசனிங் கேட்கும்போது அதை ஒரு கை தூரத்தில் ஓடவிடுங்கள். முதல் முறை கஷ்டமாகத்தான் இருக்கும், மதிப்பெண் குறையும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பயிற்சியில் கவனிக்க வேண்டியது, கவனம் போன பிறகு எப்படித் திரும்புகிறீர்கள் என்பது. கவனம் போகாமல் இருக்கப் பழக முடியாது, திரும்பி வருவதைப் பழகலாம். லிசனிங்கில் ஒரு வாக்கியம் தவறிவிட்டால் அதைத் துரத்தாதீர்கள், குறிப்புத் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்து வருவதைப் பிடியுங்கள். தவறிய ஒன்று என்ன என்று யோசிக்கும் நேரத்தில் இன்னும் மூன்று போய்விடும். ரீடிங்கில் கலைந்தால் பத்தியின் தலைக்குப் போகாதீர்கள், அந்த வாக்கியத்தின் தலைக்கு மட்டும் போங்கள்.

24 மே

கோபம் பற்றி ஒன்று. பக்கத்தில் பேசுகிறவர் தவறு செய்யவில்லை, அவரும் தேர்வுதான் எழுதுகிறார், அவருக்கும் உங்கள் சத்தம் கேட்கும். ஆனால் மேற்பார்வையாளர் இருவர் கதவருகே நின்று கதை பேசினால் அது வேறு. எனக்கு அப்படி நடந்திருக்கிறது. பொறுத்துக்கொண்டு உட்காராமல் கையை உயர்த்துங்கள், ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், உடனே நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான தேர்வுகளில் கையை உயர்த்தினாலும் கடிகாரம் ஓடும், அதனால் முடிந்தால் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் உயர்த்துங்கள். ஒலியே ஓடவில்லை, ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், அந்த நொடியே உயர்த்துங்கள்.

புகார் செய்வதாக இருந்தால், நடந்ததை மையத்தின் பதிவில் எழுதிவைக்கச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். எந்தப் பகுதி, எவ்வளவு நேரம் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு தேர்வு நடத்தும் நிறுவனத்துக்குத் தாமதிக்காமல் எழுதுங்கள். மதிப்பெண் வந்தபிறகு எழுதும் புகாருக்கு மதிப்பு குறைவு.

ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு) மாதிரி மருத்துவக் காரணம் உள்ளவர்கள் தனி அறை கேட்டு விண்ணப்பிக்கலாம், டோஃபல், ஜி.ஆர்.இ. இரண்டிலும் அந்த ஏற்பாடு உண்டு. சான்றிதழ்களோடு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகுதான் தேதி எடுக்க வேண்டும். நேரில் போய்க் கேட்டால் கிடைக்காது. இது உங்கள் உரிமை, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

8 ஜூன், இரவு

கேள்வி கேட்டவர் நாளைக்குக் காலை எழுதப் போகிறார். "கடைசியாக ஒன்றே ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

உட்கார்ந்ததும் ஹெட்ஃபோனின் பட்டையைச் சரிசெய்து, காதுறை இரண்டும் காதை முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். ஒலியளவைத் தொடக்கத்திலேயே வழக்கத்தைவிட ஒரு படி கூட்டி வையுங்கள். ரீடிங்கின்போதும் ஹெட்ஃபோனைக் கழற்ற வேண்டாம். இருக்கையைத் தேர்ந்தெடுக்க விட்டால் சுவரோரமாகக் கேளுங்கள், ஒரு பக்கத்துப் பேச்சாவது குறையும். கதவுக்கு எதிரே வேண்டாம்.